உள்ளூர் மரத்தில் வில் செய்ய முடியுமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தருமபுரிப் பக்கம் சில வருடங்களாக மர வில் செய்து பழகி வருகிறேன். ஒட்டுப்பலகையும் கண்ணாடி இழையும் இல்லாமல், ஒரே கட்டையிலிருந்து செதுக்கி எடுக்கிற வில். இதைக் கேள்விப்பட்டு வருகிறவர்கள் பெரும்பாலும் ஒரு மரத்தை மனதில் வைத்துக்கொண்டுதான் வருகிறார்கள். அவர்கள் கேட்டதையும் நான் சொன்னதையும் இங்கே சேர்த்து எழுதியிருக்கிறேன்.

எங்கள் தோட்டத்தில் ஒரு மரம் நிற்கிறது. பெயரைச் சொன்னால் வில்லுக்கு ஆகுமா, ஆகாதா என்று சொல்வீர்களா?

பெயரை வைத்துப் பாதிதான் சொல்ல முடியும். ஒரே வரப்பில் நிற்கும் இரண்டு வேம்பில் ஒன்று நூல் பிடித்தாற்போல் நேராகப் பிளக்கும், இன்னொன்று முறுக்கிக்கொண்டு பிளக்கும். வில் அந்த ஒரு கட்டையில் பிறக்கிறது. அதனால் மரத்தின் பெயரைவிட உங்கள் கையில் இருக்கும் கட்டையைத்தான் நான் முதலில் கேட்பேன்: நேராக இருக்கிறதா, எவ்வளவு கனம், வளைத்து விட்டால் திரும்பி வருகிறதா? இந்த மூன்றையும் வீட்டிலேயே சோதிக்கலாம். எப்படி என்று கீழே சொல்கிறேன்.

காணொளிகளில் எல்லோரும் யூ, ஓசேஜ் ஆரஞ்சு என்கிறார்கள். அவை இங்கே இல்லையே?

அவை அந்தந்த ஊரின் மரங்கள். 1545இல் மூழ்கி 1982இல் மேலே எடுக்கப்பட்ட மேரி ரோஸ் என்ற ஆங்கிலேயப் போர்க்கப்பலில் நூற்றுக்கும் மேற்பட்ட வில்கள் கிடைத்தன, எல்லாம் யூ மரம். 1991இல் ஆல்ப்ஸ் பனியில் கண்டெடுக்கப்பட்ட, 5,000 ஆண்டுகளுக்கு முந்தைய மனிதன் ஓட்சியின் அருகில் கிடந்த பாதி செதுக்கிய வில்லும் யூதான். ஆனால் டென்மார்க்கின் ஹோல்மகார்ட் சதுப்பில் 1944இல் கிடைத்த வில் அவற்றையெல்லாம்விட மிகப் பழையது, அது எல்ம் மரம். அந்தமானில் சூயி என்ற மரத்தை வில்லுக்கு எடுத்தார்கள், மர வணிகத்தில் அதற்கு 'அந்தமான் வில்மரம்' என்றே பெயர். பப்புவா நியூகினியிலும் அமேசான் காட்டிலும் பனை இனத்தின் கறுத்த வைரம், அதாவது மரத்தின் கெட்டியான பகுதி. பூட்டானில் இரண்டு மூங்கில் துண்டுகளைப் பிடியில் சேர்த்த வில்.

ஒவ்வொரு ஊரும் தன்னிடம் இருந்ததை எடுத்து, அதற்கு ஏற்ற வடிவத்தைக் கண்டுபிடித்தது. நாமும் அதையே செய்ய வேண்டும்.

வளைக்கும்போது வில்லுக்குள் என்னதான் நடக்கிறது?

இது புரிந்தால் மற்றதெல்லாம் சுலபம். நாணை இழுக்கும்போது நம்மைப் பார்க்காத பக்கம், அதாவது வில்லின் முதுகு, நீட்டி இழுபடுகிறது. நம்மைப் பார்க்கும் வயிற்றுப் பக்கம் நசுங்குகிறது. நடுவில் ஒரு தளம் இரண்டும் இல்லாமல் சும்மா இருக்கிறது. பெரும்பாலான மரங்களுக்கு இழுவிசையைத் தாங்கும் வலு அதிகம், நசுங்கலைத் தாங்கும் வலு குறைவு. அதனால் நேரான நார் உள்ள வில் பொதுவாக முறிவதில்லை, வயிறு நசுங்கி நாண் பக்கமாகக் கூன் விழுந்துவிடுகிறது. முதுகில் நார் அறுந்திருந்தால் மட்டும் படீரென முறியும்.

இன்னொரு கணக்கும் உண்டு. வில்லின் அகலத்தை இரட்டிப்பாக்கினால் விறைப்பு இரட்டிப்பாகும். தடிப்பை இரட்டிப்பாக்கினால் விறைப்பு எட்டு மடங்காகும், ஆனால் மரத்தின் மேற்பரப்பு படும் பாடும் இரட்டிப்பாகும். இதைத் திருப்பிப் போட்டுப் பாருங்கள். அகலத்தை இரட்டித்தால் தடிப்பை ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைத்தும் அதே வலுவான வில் கிடைக்கும், மரம் படும் பாடும் ஐந்தில் ஒரு பங்கு குறையும். சுமாரான மரத்தையும் வில்லாக்குகிற சூட்சுமம் இதுதான். கனமான, துள்ளல் உள்ள மரத்தில் ஒடுக்கமான வில். லேசான மரத்தில் அகலமான, தட்டையான, நீளமான வில்.

சரி, கட்டை கையில் வந்ததும் முதலில் என்ன செய்ய வேண்டும்?

பிளந்து பாருங்கள். அறுக்காதீர்கள், ஆப்பு வைத்துப் பிளக்க வேண்டும். ரம்பம் நார் போகும் வழியை மதிக்காது, ஆப்பு அந்த வழியாகவே போகும். மரத்தின் உண்மையான ஓட்டம் அப்போதுதான் தெரியும்.

பிளந்த முகம் பலகைபோல நேராக வந்தால் நல்ல சகுனம். காற்றாடி இறக்கைபோலத் திருகி வந்தால் முறுக்கு மரம். ஆறடிக்குள் கால் சுற்று திருகினால் நான் விறகுக்கு ஒதுக்கிவிடுவேன். பிளந்த இரண்டு முகமும் ஒன்றையொன்று விடாமல் நார் பின்னி, கோடாரியையே கவ்விப் பிடித்தால் அது பின்னல் ஓட்டம் உள்ள மரம். அதன் நார் சில வருடங்கள் வலப்பக்கமும் அடுத்த சில வருடங்கள் இடப்பக்கமும் சாய்ந்து வளர்ந்திருக்கும்.

கறிக்கடையில் புளியங்கட்டையை வைத்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். எத்தனை வெட்டு விழுந்தாலும் பிளக்காது, அதனால்தான் அங்கே இருக்கிறது. வில்லுக்கு வேண்டியதோ நேர் எதிர்க் குணம். விறகு பிளக்கிற பெரியவர்களிடம் 'எந்த மரம் ஒரே அடியில் நேராகப் பிளக்கும்?' என்று கேட்டால் உங்கள் பட்டியல் பாதி தயார். கோடாரிக் காம்பு, மண்வெட்டிப் பிடி செய்கிறவர்களிடம் 'எது உதறலைத் தாங்கும்?' என்று கேட்டால் மீதியும் கிடைக்கும். எனக்கு நூல்களைவிட இவர்களிடம் கிடைத்த தகவல் அதிகம்.

மரத்தின் கனத்தை எப்படி அளப்பது? ஆய்வகத்துக்குப் போக வேண்டுமா?

வேண்டாம். காய்ந்த கட்டையிலிருந்து 30 செ.மீ. நீளத்துக்கு, நுனி முதல் அடி வரை ஒரே பருமனான குச்சி ஒன்றைச் சீவிக்கொள்ளுங்கள். ஒரு முனை அடைத்த பிளாஸ்டிக் குழாயில் தண்ணீர் நிரப்பி அதற்குள் குச்சியைச் செங்குத்தாக விடுங்கள். மிதந்து நின்றதும் உடனே எடுத்து, நனைந்த கோடு எங்கே இருக்கிறது என்று பாருங்கள். 30இல் 18 செ.மீ. நனைந்திருந்தால் அடர்த்தி 0.6. முழுவதும் மூழ்கிவிட்டால் ஒன்றுக்கு மேல். மெதுவாகச் செய்தால் குச்சி தண்ணீரை உறிஞ்சிவிடும், அதனால் சுருக்காக முடிக்க வேண்டும்.

ஆள் உயர வில், 18 கிலோ அளவுக்கு இழுவிசை (நாணை முழுதாக இழுக்கத் தேவைப்படும் பலம்) என்று வைத்துக்கொண்டால், நான் பின்பற்றுகிற அகலம் இது: அடர்த்தி 0.5 பக்கம் இருந்தால் 6 முதல் 7 செ.மீ., 0.65 பக்கம் என்றால் 5 செ.மீ., 0.8க்கு மேல் என்றால் 3.5 முதல் 4 செ.மீ. வில்லின் பாதி நீளம் வரை இந்த அகலம் இருக்கட்டும், அங்கிருந்து குதையை, அதாவது நாண் மாட்டும் முனையை நோக்கி ஒடுங்கி வரட்டும். முருங்கை, இலவம் போன்ற பஞ்சு மரங்களுக்கு எந்த அகலமும் உதவாது.

வளைத்துப் பார்க்கும் சோதனையைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல முடியுமா?

எனக்கு மிகவும் நம்பிக்கை தருகிற சோதனை இது, அதனால் விரிவாகவே சொல்கிறேன்.

நன்கு காய்ந்த கட்டையிலிருந்து 60 செ.மீ. நீளம், 12 மி.மீ. அகலம், 6 மி.மீ. தடிப்பில் ஒரு சட்டம் இழைத்துக்கொள்ளுங்கள். நார் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை அறுபடாமல் ஓட வேண்டும், முடிச்சு கூடாது. தடிப்பில் அரை மி.மீ. தவறினாலும் முடிவு மாறிவிடும், வெர்னியர் என்ற நுண்ணளவுக் கருவி இருந்தால் அதில் அளப்பது நல்லது. சட்டத்தை 50 செ.மீ. இடைவெளியில் இரண்டு கட்டைகள் மேல் வையுங்கள்.

முதலில் நடுவில் 1 கிலோ எடையைத் தொங்கவிட்டு எவ்வளவு தாழ்கிறது என்று பாருங்கள். 12 மி.மீ. பக்கம் தாழ்ந்தால் நடுத்தர விறைப்பு. 8, 9 மி.மீ. தான் என்றால் நல்ல விறைப்பான மரம். 18 மி.மீ.க்கு மேல் போனால் தொளதொளப்பு.

அடுத்ததுதான் முக்கியம். எடையை எடுத்துவிட்டு, நடுவில் கையால் அழுத்தி 35 மி.மீ. தாழ்த்துங்கள். பத்து எண்ணும் வரை பிடித்திருந்து விடுங்கள். நேர்கோலை வைத்துக் கூன் விழுந்திருக்கிறதா என்று பாருங்கள். பிறகு 50, அடுத்து 60, கடைசியாக 70 மி.மீ. இந்த அளவுச் சட்டத்தில் 70 மி.மீ. தாழ்வு என்றால் மேற்பரப்பு ஏறத்தாழ நூற்றில் ஒரு பங்கு நீள்கிறது. நன்றாக வேலை வாங்கப்படும் மர வில் படும் பாடும் அந்த அளவுக்குப் பக்கத்தில்தான் இருக்கும்.

70இல் விட்டபின் கூன் 2, 3 மி.மீ.க்குள் இருந்தால் அருமையான வில்மரம். 50இல் நேராகவும் 70இல் 6, 7 மி.மீ. கூனோடும் வந்தால் அகலத்தைக் கூட்டிச் செய்யலாம். 35இலேயே கூன் விழுந்தால் அந்தக் கட்டையில் உழைப்பை வீணாக்க வேண்டாம். ஆனால் அதைச் சொல்வதற்கு முன்பு கட்டை முழுக்கக் காய்ந்ததுதானா என்று இன்னொருமுறை பாருங்கள். ஈரக் கட்டை எந்த மரமானாலும் கூன் விழும்.

கடைசியில் சட்டத்தை முறியும்வரை அழுத்துங்கள், பாதுகாப்புக் கண்ணாடி அணிந்துகொண்டு. முள்ளங்கி ஒடிவதுபோல வழவழவென்று இரண்டு துண்டானால் அது நம்பக் கூடாத மரம். நீள நீளமான சிம்புகளாக, பிரிய மனமில்லாமல் முறிந்தால் அதன் முதுகை நம்பலாம்.

புளி, வேம்பு, தேக்கு, சவுக்கு… ஒவ்வொன்றாகச் சொல்லுங்களேன்.

சடச்சியிலிருந்து தொடங்குகிறேன். தடசு என்றும் சொல்வார்கள். மலையடிவாரக் காடுகளில் வளரும் மரம். காவுதடி, கருவிக் காம்பு, வண்டியின் ஏர்க்கால் என்று வளைந்து நிமிர வேண்டிய வேலைக்கெல்லாம் இந்தியா முழுக்க இதைத்தான் தேடுவார்கள், வடக்கே தாமன் என்பார்கள். அதன் புகழ் முழுக்கத் துள்ளலுக்காகவே. பட்டா நிலத்தில் விழுந்த சடச்சி உங்களுக்குக் கிடைத்தால் விறகாக விடாதீர்கள்.

வெக்காலி, சில இடங்களில் நமை. கனம், வலு இரண்டும் உண்டு, கோடாரிக் காம்புக்குப் பேர்போனது. காயும்போது வெடிக்கும் குணம்தான் சிக்கல். பிளந்து, முனைகளை உடனே அடைத்து, நிழலில் பொறுமையாகக் காய வைக்க வேண்டும்.

மல்பெரியைப் பலர் நினைப்பதே இல்லை. பட்டுப்புழுவுக்காகக் கிருஷ்ணகிரி, தருமபுரி முழுக்கப் பயிரிடுகிறோம். ஓசேஜ் ஆரஞ்சும் மல்பெரியும் ஒரே குடும்பம், மல்பெரி வில்லுக்கு ஏற்றதென்று வெளிநாடுகளில் நல்ல பெயர் உண்டு. அடிக்கடி கவாத்து செய்த புதர்ச் செடியில் நேரான கட்டை வராது. வெட்டாமல் மரமாக விட்ட பழைய மல்பெரி வரப்பில் நின்றால் அதைப் பாருங்கள்.

புளியில் கனமும் வலுவும் உண்டு, நேர் ஓட்டம்தான் அரிது. வேம்பும் பெரும்பாலும் பின்னல் ஓட்டம். என் முதல் வில் வேம்புதான், பிடிக்கு ஒரு சாண் மேலே சாய்ந்த நாரில் முறிந்தது. தூங்குமூஞ்சி, வாகை இவற்றிலும் அதே பின்னல்.

தேக்கு ஊரே மதிக்கும் மரம். அந்த மதிப்பு அது வளையாமல், கறையான் தொடாமல் நிலைத்து நிற்பதற்காக. கதவுக்கு அது வேண்டும். வில்லுக்கு வேண்டிய முரட்டுத் தாங்குதிறன் தேக்கில் நடுத்தரம்தான், அகலமாகச் செய்தால் வேலை செய்யும்.

சவுக்கு மலிவு, நேர், கனம். சாரத்துக்கு விற்கும் இளங்கம்பில் நடுத்தண்டு நட்டநடுவே இருப்பதால் காயும்போது நீளவாக்கில் வெடிக்கும். 12 செ.மீ.க்கு மேல் பருத்த கம்பை நடுவில் பிளந்து, நடுத்தண்டைச் சீவி எறிந்துவிட்டால் சோதித்துப் பார்க்கத் தகுந்தது.

சீமைக் கருவேலம் நல்ல அடர்த்தி, கிடைப்பதும் எளிது. ஆறடி நேர்க்கட்டைதான் கிடைக்காது. மூன்றரை அடியில் இரண்டு நேர்த்துண்டு கிடைத்தால், பிடியில் மீன்வால் வெட்டாக வெட்டிக் கோர்த்து ஒட்டலாம். பிடிப் பகுதி வளையாது என்பதால் மூட்டு தாங்கும்.

பனை: வெளிச்சுற்றில் இருக்கும் கறுத்த வைரம் மட்டும்தான் மரம், உள்ளே சோறு. முதிர்ந்த பனையின் வெளிப்பட்டையில் நல்ல வலு உண்டு. ஆனால் சிம்பு சிம்பாக உரியும், கையைக் கிழிக்கும். கையுறை இல்லாமல் தொடாதீர்கள்.

மூங்கில் போதாதா? எதற்கு இவ்வளவு சிரமம்?

போதும், பல நேரம் மரத்தைவிட மேல். வயநாட்டுக் குறிச்சியர் முதல் மத்திய இந்தியப் பழங்குடிகள் வரை மூங்கில் வில்லில் தேர்ந்தவர்கள் உண்டு. வகையைக் கவனியுங்கள். பொந்து மூங்கிலின் சுவர் மெல்லியது. ஏறத்தாழக் கெட்டியாக வளரும் கல் மூங்கில்தான் வேண்டும், சிலம்பக் கம்புக்கும் அதைத்தான் தேடுவார்கள். மூன்று வயதுக்குக் குறைந்த குருத்து வேண்டாம். வலுவான நார் தோலை ஒட்டித்தான் நெருங்கி இருக்கிறது, அதனால் தோல் பக்கத்தை முதுகாக வைத்து, அதை அரம் போட்டுத் தேய்க்காமல் விடுங்கள். கணுவின் மேடு போகட்டும் என்று வழித்தால் அங்கேயே முறியும்.

மூங்கிலில் மாவுச்சத்து அதிகம், வண்டு விரைவில் துளைத்துவிடும். வெட்டியதும் சில வாரம் தண்ணீரில் ஊறப்போடும் பழைய வழக்கம் அந்த மாவுச்சத்தைக் கரைப்பதற்குத்தான்.

'முதுகில் ஒரே ஆண்டு வளையத்தைப் பின்பற்று' என்கிறார்கள். எங்கள் மரத்தில் வளையமே தெரியவில்லையே?

குளிர்நாட்டு மரங்களில் வளையம் தெளிவாகப் பிரியும். நம் பக்கத்தில் தேக்கு, மல்பெரி போன்ற சிலவற்றில் தெரியும், பலவற்றில் தெரியாது. அப்போது மரம் தானாகக் கொடுத்த மேற்பரப்பையே முதுகாக வைத்துக்கொள்ளுங்கள். பட்டையை மட்டும் உரித்து, அதன் அடியிலிருக்கும் வழவழப்பான வெள்ளை மரத்தில் உளி படாமல் விட்டுவிட வேண்டும். அந்த முகத்தில் ஒரு நாரும் அறுபட்டிருக்காது. செதுக்குவதெல்லாம் வயிற்றுப் பக்கத்தில்தான். 8 முதல் 10 செ.மீ. பருமனுள்ள, நேராக மேலே எழுந்த இளமரம் இதற்கு ஏற்றது. சாய்ந்து வளர்ந்த கிளையை எடுக்காதீர்கள், அதன் மேல்பக்கமும் கீழ்ப்பக்கமும் வெவ்வேறாக இழுத்து, காயும்போது கோணிவிடும்.

அப்படியானால் வைரம் வேண்டாமா? வெளியில் இருக்கும் வெள்ளை மரம் வீண் என்றுதானே ஆசாரிகள் சொல்வார்கள்?

வீட்டு வேலைக்கு அவர்கள் சொல்வது சரி. வெள்ளை மரம் உளுத்துப்போகும், கறையான் ஏறும். வளையும் வலுவில் மட்டும் வைரத்துக்கும் வெள்ளைக்கும் பல மரங்களில் பெரிய வித்தியாசம் இல்லை. யூ வில்லில் வெள்ளையை முதுகிலும் வைரத்தை வயிற்றிலும் வைத்துத்தான் செய்தார்கள். காய்ந்ததும் எண்ணெயோ வார்னிஷோ பூசி, வண்டு அண்டாமல் பார்த்துக்கொண்டால் போதும்.

எவ்வளவு நாள் காய வைக்க வேண்டும்?

நாளைவிடத் தராசைப் பாருங்கள். வெட்டிய அன்றே முனைகளில் பெயின்டோ மெழுகோ கனமாகப் பூசி, நடுவில் பிளந்து, காற்றோட்டமான நிழலில் அடுக்குங்கள். சித்திரை வெயிலில் போட்டால் வெடித்துவிடும். ஒரு மாதம் கழித்து வில்லின் வடிவத்துக்கு முரட்டுத்தனமாகச் செதுக்கிவிட்டால் மீதி ஈரம் வேகமாகப் போகும். வாரம் ஒருமுறை எடை போடுங்கள், மூன்று வாரம் எடை மாறாமல் நின்றால் உங்கள் ஊர்க் காற்றோடு சமமாகிவிட்டது.

அந்தச் சமம் ஊருக்கு ஊர் வேறு. காற்றில் ஈரப்பதம் 50 விழுக்காடு உள்ள இடத்தில் மரத்தில் 9 விழுக்காடு ஈரம் தங்கும், வில்லுக்கு அதுதான் சரி. கடற்கரையில் 80 விழுக்காடு என்றால் மரத்தில் 16 தங்கும், அந்த வில் கூன் விழும். சென்னை, நாகப்பட்டினம் பக்கத்து நண்பர்கள் செதுக்கி முடித்ததை ஒரு வாரம் வீட்டின் மிக வறண்ட அறையில், அல்லது மெல்லிய விளக்குச் சூட்டுப் பெட்டியில் வைத்திருந்து பிறகு நாண் பூட்டுங்கள். ஐப்பசி மழையில் செய்த வில்லையும் பங்குனியில் செய்த வில்லையும் ஒப்பிட்டால் ஒரே மரமா என்று சந்தேகம் வரும்.

கட்டையில் முடிச்சு இருந்தால்?

வயிற்றிலோ பிடியிலோ சிறியதாக இருந்தால் பரவாயில்லை. முதுகில், அதுவும் ஓரத்தில் இருந்தால் வேறு கட்டை பாருங்கள். முடிச்சைச் சுற்றி நார் வளைந்து போவதைத் தொடர்ந்து, அந்த இடத்தில் மட்டும் சற்று அகலம் விட்டுச் செதுக்கலாம்.

மரக்கடைப் பலகையில் செய்ய முடியுமா?

முடியும். பலகையின் அகல முகம், பக்கவாட்டு முகம் இரண்டிலும் கோடுகள் முனை முதல் முனை வரை ஓடுகிறதா என்று பாருங்கள். ஓரத்தில் சரிந்து வெளியேறினால் வாங்காதீர்கள். கடையில் நூறு பலகையைப் புரட்டி ஒன்றை எடுக்க நேரும், முன்கூட்டியே கடைக்காரரிடம் காரணத்தைச் சொல்லிவிட்டால் முகம் சுளிக்க மாட்டார்.

தொடக்கூடாத மரம் ஏதாவது உண்டா?

சேங்கொட்டை மரத்தின் பால் பட்டால் தோல் வெந்து கொப்பளிக்கும். எட்டி, அரளி இரண்டும் நஞ்சு. பெயர் தெரியாத மரத்தை அரம் போடும்போது முகக்கவசம் அணியுங்கள், தேக்குத் தூளும் சிலருக்கு மூச்சை அடைக்கும்.

சட்டத்தையும் மறக்க வேண்டாம். வனத்துறைக் காட்டில் கட்டை வெட்டக் கூடாது. மலைப்பகுதிகளில் 1955ஆம் ஆண்டுச் சட்டப்படி சொந்த நிலத்து மரத்தை வெட்டவும் அனுமதி வேண்டும். சாலையோரப் புளி அரசுடையது. 1972ஆம் ஆண்டு வனவிலங்குச் சட்டம் வேட்டையைத் தடை செய்திருக்கிறது, இந்த வில் இலக்குப் பலகைக்கு மட்டுமே. புயலில் சாய்ந்த மரம், கவாத்து செய்த கட்டை, விறகுத் தொட்டி இந்த மூன்றிலேயே எனக்கு வேண்டியது கிடைத்துவிடுகிறது.

இந்தப் பக்கத்துப் பழைய வில்கள் எந்த மரம்?

தருமபுரி அரசு அருங்காட்சியகத்துக்குப் போனால் நடுகற்களில் வில்லேந்திய வீரர்களைப் பார்க்கலாம். அந்தக் கற்களின் முன் நெடுநேரம் நின்றிருக்கிறேன். வில்லின் வளைவு கல்லில் தெரிகிறது, மரம் தெரியவில்லை. மரமும் மூங்கிலும் நம் மண்ணில் நிலைப்பதில்லை, கறையானுக்கும் மழைக்கும் போய்விடும். அந்த வீரர்களின் ஊர்களைச் சுற்றியுள்ள காடுகளில் இன்றும் கல் மூங்கிலும் வெக்காலியும் வளர்கின்றன.

முதல் வில்லுக்கு எந்தக் கட்டையைச் சொல்வீர்கள்?

பட்டா நிலத்தில் வெட்டிய கல் மூங்கில், மூன்று வயதுக்கு மேல், நுனியை விட்டு அடிப்பக்கத்து ஆறடி. கூடவே உங்கள் தோட்டத்து மரத்தில் ஒரு சோதனைச் சட்டம். மூங்கில் ஊறிக் காய்வதற்குள் சட்டத்தை வளைத்துப் பார்த்துவிடலாம். முதல் வில்லின் இழுவிசை 12, 13 கிலோவுக்கு மேல் வேண்டாம். அம்பில்லாமல் நாணை இழுத்து விடாதீர்கள், நல்ல வில்லும் அதில் முறியும்.

சோதித்த சட்டத்தின் மேல் மரத்தின் பெயர், வெட்டிய மாதம், மிதந்த அளவு, 70இல் விழுந்த கூன் நான்கையும் பென்சிலால் எழுதி வையுங்கள். என் பட்டறைச் சுவரில் அப்படி முப்பதுக்கும் மேற்பட்ட சட்டங்கள் தொங்குகின்றன. புதிதாக ஒரு கட்டை வந்தால் முதலில் அந்தச் சுவரைத்தான் பார்க்கிறேன்.